டர்போ காடி திணறினால்: பாகம் மாற்றுவதா, ஸ்கேனர் போடுவதா, புகை விடுவதா?

காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் வெகுநேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறது. பிடித்த பிறகும் சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் முள் 600க்கும் 1,100க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. 2011 கடைசியில் எக்சோரா போல்டில் புரோட்டான் சிஎஃப்இ டர்போ எஞ்சினை இறக்கியதிலிருந்து இன்றைய எக்ஸ்50, அத்திவா வரை, கோலாலம்பூர்ச் சாலைகளில் டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி, சாதாரணமாகிவிட்டது. கூடவே இந்தப் புகாரும் செந்தூல், செகாம்புட், பூச்சோங் பட்டறைகளில் சாதாரணமாகிவிட்டது.

பட்டறைக்குப் போனால் மூன்றில் ஒரு வழி நடக்கும். சந்தேகப்பட்ட பாகத்தை மாற்றிப் பார்ப்பார்கள். ஸ்கேனர் மாட்டி, காடியின் கணினி சொல்வதைப் படிப்பார்கள். அல்லது எஞ்சினுக்குள் புகையோ காற்றோ விட்டுக் கசிவு தேடுவார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டர்போ காடியில் காற்றுக் கசிவைப் பார்த்து முடிக்காமல் பத்து வெள்ளிப் பாகம்கூட வாங்கக் கூடாது.

பேட்டரி மட்டும் இதில் சேராது. நம் ஊர் வெக்கையில் அது சீக்கிரம் சாகும். ராத்திரி முழுக்க நின்ற காடியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. விழுந்தால் மற்ற எல்லாப் பரிசோதனையும் வீண். இதை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இனி முதல் வழி. "பிளக் மாத்திப் பாப்போம் அண்ணே, சரியாகலன்னா காயில் மாத்துவோம்" (காயில் என்பது பிளக்குக்கு மின்சாரம் தருவது) என்று ஃபோர்மேன் சொல்வதில் தப்பெண்ணம் ஏதும் இல்லை. பழைய கார்புரேட்டர் காடிகளில் இந்த முறை நன்றாகவே வேலை செய்தது. மாற்ற வேண்டியவை நாலைந்துதான் இருந்தன. டர்போ காடியில் பிளக், காயில், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் துராட்டல் பாடி, பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், சென்சார்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றாக மாற்றி வந்தால் கோளாறு தீர்வதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

ஆனால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது வேறு விஷயம், அது பரிசோதனைதான். பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) உள்ள எஞ்சின்களில் பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். டர்போ இல்லாத பல எஞ்சின்களில் அது 1.0, 1.1 வரை போகும். உங்கள் காடிக்குக் கையேட்டில் போட்டிருப்பதே கணக்கு. இன்னொரு கூத்து, 'ரேஸ்' பிளக். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் பிளக்கின் வெப்ப எண் கூடக் கூட அது 'குளிர்' வகை, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். பந்தயத் தடத்துக்கு அது சரி. எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருக்கும் காடியில் அந்த பிளக்கின் முனை 450 டிகிரியை எட்டாது, படியும் கரியைத் தானே எரித்துத் தள்ளவும் முடியாது. கரி ஏறி, ஐடிலில் (காடி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) எஞ்சின் உதறும். கழற்றிய பிளக் காய்ந்த கரியாகக் கறுத்திருந்தால் காயிலைத் தொடுவதற்கு முன் அந்த வெப்ப எண்ணைப் பாருங்கள்.

ஸ்கேனர் இதைவிட நூறு மடங்கு மேல், ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர் கையில். ஷோப்பியில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் டாங்கிளும் கைப்பேசிச் செயலியும் போதும் என்பது என் எண்ணம்; பட்டறையின் பெரிய ஸ்கேனர் ஏபிஎஸ், கியர்பாக்ஸ் எல்லாம் படிக்கும், நம் புகாருக்கு அவ்வளவு வேண்டாம். பலர் கோளாறுக் குறியீட்டைப் படித்ததும் மூடிவிடுகிறார்கள். பி0171 என்று வந்தால் 'கலவையில் காற்று கூடிவிட்டது' என்றுதான் பொருள். ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. ஆனாலும் அந்தக் குறியீட்டைப் பார்த்துவிட்டுச் சென்சார் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது ஃபியூல் டிரிம், அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் செய்யும் திருத்தம். எஞ்சின் சூடான பிறகு குறுகிய காலத் திருத்தத்தையும் நீண்ட காலத் திருத்தத்தையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை, கூட்டலோ கழித்தலோ, பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலில் அது கூட்டல் 20 விழுக்காட்டுக்கு மேல் நின்று, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் மளமளவென்று இறங்குகிறதா? மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் பாகம்) அருகே எங்கோ காற்று உள்ளே நுழைகிறது. மாறாக, வேகம் ஏற ஏறத் திருத்தமும் ஏறுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஃபில்டர் பக்கம் போகலாம். கழித்தலில் கிடந்தால் எங்கோ பெட்ரோல் வழிகிறது. இவ்வளவையும் ஸ்கேனர் சொல்லும். எந்தக் குழாய் என்று சொல்லாது.

அந்த இடத்தில்தான் புகை வருகிறது. ஐடிலில் டர்போ பூஸ்ட் தருவதில்லை. மேனிஃபோல்டுக்குள் வெறும் 30, 40 கிலோபாஸ்கல்தான், வெளியே 101. எனவே சின்ன வெடிப்பு இருந்தாலும் காற்று உள்ளே உறிஞ்சப்படும். கெந்திங் ஏற்றத்தில் மிதித்தால் உள்ளே 150ஐத் தாண்டும்; அதே வெடிப்பு காற்றை வெளியே துப்பும். ஒரே ஓட்டை, இரண்டு விதமான புகார். டர்போ இல்லாத காடிக்கு இந்த இரட்டை வேடம் கிடையாது.

அண்மையில் செகாம்புட் பட்டறை ஒன்றில் ஒரு டர்போ செடானுக்குப் புகை விட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காடிக்காரத் தம்பி ஏற்கெனவே வேறெங்கோ காயிலும் பம்பும் மாற்றியிருந்தார். ஏர் ஃபில்டர் பக்கக் குழாயை அடைத்து, புகை இயந்திரத்தின் மூக்கைச் செருகி, ஒரு பிஎஸ்ஐ அழுத்தத்தில் எண்ணெய்ப் புகையை அனுப்பினார்கள். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு மேனிஃபோல்டுக்குப் பின்னால், எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் ஓரமாக, நூல் போல ஒரு வெள்ளைக் கோடு எழுந்தது. ஃபோர்மேன் சின்னக் கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்தார். எஞ்சினின் உள்வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் பிசிவி குழாயின் அடிப்பக்கம். மேலே பார்த்தால் புதுசு மாதிரி. விரலால் வளைத்ததும் கீழே வாய் பிளந்தது. "ஒன்வே வால்வு ஒட்டிக்கிச்சு தம்பி, பூஸ்ட்டு இதுக்குள்ள ஏறி ரப்பரு வெடிச்சிருக்கு" என்றார். குழாயும் வால்வும் சேர்ந்தாலும் ஒரு காயில் விலை வராது.

குறையும் உண்டு. ஒரு பிஎஸ்ஐ புகைக்கு அசையாத இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பாகம்) குழாய் பூஸ்ட்டில் கிளிப்பிலிருந்து நழுவலாம். அதற்குக் கம்ப்ரசர் காற்றை 15 பிஎஸ்ஐ வரை மெதுவாக ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். ஐடில் கோளாறுக்குப் புகை, இழுவைக் கோளாறுக்கு அழுத்தம். கார்ப் கிளீனர் ஸ்பிரேயை அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் பழைய வித்தையை டர்போ காடியில் வேண்டாம் என்று சொல்லுங்கள். தகிக்கும் டர்போ கூண்டுக்குப் பக்கத்தில் எரியும் திரவத்தைத் தெளிப்பது விளையாட்டல்ல.

மூன்று வழியிலும் அகப்படாதவற்றை, கோளாறு எப்போது வருகிறது என்பதே காட்டிக்கொடுக்கும். காலையில் மட்டும் வெகுநேரம் சுற்றினால், ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஆன் செய்து இரண்டு வினாடி விட்டு ஆஃப் செய்யுங்கள், இரண்டு தடவை. பிறகு பட்டென்று பிடித்தால், ராத்திரி பெட்ரோல் அழுத்தம் வடிந்துவிட்டது: பம்பின் உள்வால்வு அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். எண்ணெய் நிலையத்தில் டாங்க் நிரப்பிய பிறகு மட்டும் அடம்பிடித்தால் பர்ஜ் வால்வு, அதாவது கனிஸ்டர் என்ற கரிப்பெட்டியில் சேரும் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் வால்வு. அதன் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஐடிலில் கனிஸ்டர் பக்கக் குழாயை எடுத்து விரல் வையுங்கள்; அப்போதும் உறிஞ்சினால் வால்வு மூடவில்லை. மாமாக் கடையில் தே தாரேக் குடித்துவிட்டு வந்தால் மட்டும் பிடிக்கவில்லையா? சூட்டில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும், அல்லது இன்ஜெக்டர் ஒழுகி எஞ்சினை நனைத்திருக்கும். நனைந்ததாக இருந்தால், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் காடிகளில் அப்போது பெட்ரோல் நிறுத்தப்படும்.

மிஞ்சிய பூஸ்ட்டை வெளியே விட்டு 'ப்ஸ்ஸ்' சத்தம் போடும் புளோ ஆஃப் வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காடியில் அளந்து எடுத்த காற்றை அது வெளியே கொட்டிவிடும். கணினிக்கு அது தெரியாது, பெட்ரோலைக் கூட்டி ஊற்றும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிடும். காற்றை மறுபடி உள்ளே திருப்பும் வால்வில் இந்தத் தொல்லை இல்லை. சத்தமும் இல்லை என்பதுதான் பிள்ளைகளின் குறை.

கடைசியாக, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எங்கே வாங்குவது? துராட்டல் பாடி, மேனிஃபோல்டு போன்ற உலோகப் பாகங்களுக்குப் பொட்டோங் கடை (பழைய காடிகளைப் பிரித்து விற்கும் கடை) ஹாஃப்கட் சாமான் தாராளமாகப் போதும். கழுவி மாட்டி, ஐடில் ரீலேர்ன் (கணினிக்கு ஐடில் அளவைப் புதிதாகப் பழக்குவது) செய்யச் சொல்லுங்கள், அதை விட்டால் ஆர்பிஎம் தாறுமாறாக நிற்கும். ரப்பர் குழாய், பிசிவி வால்வு, பம்ப் ஆகியவற்றைப் பொட்டோங் கடையில் வாங்காதீர்கள். பழைய ரப்பர் பழைய ரப்பர்தான். காயிலுக்கு ஒரிஜினல். கிளிப்புக்குத் திருகு வைத்த சாதாரணக் கிளிப் வேண்டாம், குழாயைச் சுற்றிலும் ஒரே சீராக இறுக்கும் டி-போல்ட் கிளிப் கேளுங்கள். விலை வித்தியாசம் ஒரு சாப்பாட்டுக் காசுதான்.