தூர்வார ஹிட்டாச்சியா, டிரெட்ஜரா?

சமவெளிக் குளத்தைத் தூர்வாருகிற மாதிரி ஊட்டியில் வாரிவிட முடியாது. ஏரி வேறு, அதற்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும் வாய்க்கால் வேறு. இரண்டுக்கும் ஒரே மெஷினை இறக்கினால் பணம்தான் கரையும்.

ஊட்டி ஏரியில் வந்து சேரும் கோடப்பமந்து கால்வாய் மாதிரி ஒடுங்கிய இடத்துக்கு ஜேசிபியோ சின்ன ஹிட்டாச்சியோ போதும். பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் குறைந்திருக்கும்போது பக்கெட்டில் வருவது கெட்டிச் சேறு. அப்படியே டிப்பரில் ஏற்றலாம். ஆனால் 20 டன் ஹிட்டாச்சியின் கை 10 மீட்டருக்கு மேல் எட்டாது. லாங் பூம் என்கிற நீளக் கையை மாட்டினால் 15 மீட்டரைத் தாண்டும், பக்கெட் சிறுத்துவிடும். கொடைக்கானல் ஏரியின் ஒடுங்கிய கிளைகளுக்கு அது பொருந்தும். சுற்றிலும் சாலை இருக்கிறது.

ஊட்டி ஏரியின் நடுப்பகுதிக்குக் கரையிலிருந்து எதுவும் எட்டாது. மிதவை ஹிட்டாச்சி ஆழம் குறைந்த சகதியில் நன்றாக நடக்கும். அள்ளியதைப் படகில் கொட்டி, கரையில் மறுபடி அள்ள வேண்டும், இரட்டை வேலை.

கட்டர் சக்ஷன் டிரெட்ஜர் அடிச்சேற்றை வெட்டிக் கலக்கி, உறிஞ்சி, குழாய் வழியே வெளியே தள்ளும். ஏரியை வடிக்கத் தேவையில்லை. ஆனால் உயரம் சும்மா விடாது. பம்பு உறிஞ்சும்போது தண்ணீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம்தான். கடல்மட்டத்தில் அது 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் 8 மீட்டர்கூட இல்லை. அதனால் மேல்தளத்தில் பம்பு வைத்த டிரெட்ஜர் இங்கே திணறும். பம்பு தண்ணீருக்குள்ளேயே இறங்குகிற வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். காற்று மெலிந்த இடம் என்பதால் இன்ஜினும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவாக இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், குழாயில் வருவதில் பெரும்பங்கு தண்ணீர். கேத்தியில் எங்கள் காரட் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரை ஒரு மழைநாளில் பாட்டிலில் பிடித்து வைத்தேன். மணல் ஒரே நிமிடத்தில் அடியில் உட்கார்ந்தது. செம்மண் கலங்கல் மறுநாள் காலையிலும் தெளியவில்லை. அந்தக் கலங்கலை ஏரிக்கே திருப்பி விட்டால் தூர்வாரியதற்கு அர்த்தமே இல்லை. தெளியவிட இந்த மலையில் சமதளம் எங்கே இருக்கிறது? சேற்றைப் பிடித்துத் தண்ணீரைக் கசியவிடும் பெரிய துணிப்பைகளுக்கும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

ஹிட்டாச்சி வேலையிலும் ஏமாந்திருக்கிறோம். எங்கள் ஓடையில் அள்ளிய சேற்றை ஒப்பந்தக்காரர் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார். அடுத்த மழையில் அத்தனையும் திரும்ப ஓடைக்குள் இறங்கிவிட்டது.

என் கணக்குப்படி டிரெட்ஜர் ஏரி நடுவுக்கு ஒரே ஒரு தடவை வந்தால் போதும். வாய்க்கால் ஏரியில் சேருமிடத்தில் மணல் பிடிக்க ஒரு தொட்டி கட்டி, வருடா வருடம் ஹிட்டாச்சியை அங்கே நிறுத்த வேண்டும். ஜூன் மழைக்கு முன்னால் கடைசி டிப்பர் கிளம்பியிருக்க வேண்டும்.