திரையைத் திருப்ப: குறுக்குவிசையா, செட்டிங்ஸா?

எங்கள் அலுவலகத்தில் டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்து பார்த்தால் திரை தலைகீழாக நிற்கும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறியைத் தட்டினால் போதும், ஒரு நொடி வேலை. மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழையபடி நேராகிவிடும். அது தெரியாமல் மானிட்டரையே தூக்கிக் கவிழ்த்து வைத்தவரும் உண்டு. குறும்புக்கு இதை மிஞ்ச வேறு வழி இல்லை.

ஆனால் இது விண்டோஸின் சொந்தக் குறுக்குவிசை அல்ல. பெரும்பாலும் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்காட்சியை இயக்கும் மென்பொருள், தந்த வசதி. புதிய கணினிகள் பலவற்றில் எத்தனை தடவை தட்டினாலும் ஒன்றும் அசையாது.

செட்டிங்ஸ் வழி கொஞ்சம் சுற்று. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், டிஸ்பிளே செட்டிங்ஸ், அப்புறம் டிஸ்பிளே ஓரியன்டேஷன். மாற்றியதும் இதையே வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். 15 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். தலைகீழ்த் திரையில் மவுஸை வலப்பக்கம் தள்ளினால் அம்பு இடப்பக்கம் ஓடும், அதனால் அந்த 15 நொடி பெரிய உதவி.

நிஜமான வேலைக்கு நான் செட்டிங்ஸ் பக்கம்தான். இரண்டாவது மானிட்டரை மட்டும் தேர்ந்தெடுத்துச் செங்குத்தாக்கலாம். 1920க்கு 1080 பிக்சல் திரை, 1080க்கு 1920 ஆகும். ஏ4 பக்கம் முழுசாகத் தெரியும், நீளமான புரோகிராமைப் படிக்கவும் அருமை. ஸ்டாண்ட் சுழலுமா என்று முதலில் பாருங்கள். டிஎன் பேனல் என்ற விலை குறைந்த திரை வகை என்றால் சரிவராது, செங்குத்தாக வைத்தால் பக்கவாட்டில் நிறம் மங்கிக் கண்ணை உறுத்தும்.