ஷாட்கட் டைம்லைன்: ஸ்டுடியோ ஸ்லைடுஷோ வேலைக்குத் தாங்குமா?

வாட்ஸ்அப்பில் அறுபது போட்டோ, ஒரு பாட்டு, கூடவே "சாயங்காலம் ரிசப்ஷன்ணா, எல்இடில ஓடணும்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துச் சின்ன ஸ்டுடியோக்களுக்கு ஸ்லைடுஷோ ஜாப் பெரும்பாலும் இப்படித்தான் வந்து இறங்குகிறது. மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம், பதினாறாம் நாள் நினைவஞ்சலி, வியாசர்பாடி கால்பந்து டீமின் ஆண்டு விழா என்று விசேஷம் மாறுமே தவிர, அவசரம் மாறாது.

இந்த வேலைக்கு நெடுங்காலம் கைகொடுத்தது புரோஷோ என்ற ஸ்லைடுஷோ மென்பொருள். அதை உருவாக்கிய போட்டோடெக்ஸ் நிறுவனம் 2020 ஜனவரி 31-ல் இழுத்து மூடியது. விண்டோஸ் மூவி மேக்கருக்கு அதற்கும் முன்பே, 2017 ஜனவரியிலேயே முடிவு கட்டியாயிற்று. இன்னமும் பழைய புரோஷோ காப்பியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் மாற்றுகளில் ஒன்று ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்; வாட்டர்மார்க் கிடையாது. எஃபெக்ட் எத்தனை, ஃபில்டர் எத்தனை என்று இங்கே எண்ணப் போவதில்லை. ஸ்லைடுஷோவில் நேரம் விழுங்குவது, படத்தையும் பாட்டையும் நேர வரிசையில் அடுக்கும் பட்டையான டைம்லைன்தான். அதை நம் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடிகிறதா என்பதே கேள்வி.

குறையை முதலில் சொல்லிவிடலாம். புரோஷோவில் ஸ்லைடு லிஸ்ட் என்று ஒன்று உண்டு. 2 நொடிப் படமோ 10 நொடிப் படமோ, எல்லாம் ஒரே அளவுக் கட்டமாக வரிசையில் நிற்கும். பிடித்து இழுத்து இடம் மாற்றலாம். ஷாட்கட்டில் அது இல்லை. இங்கே டைம்லைனில் கட்டத்தின் அகலம்தான் நேரம். 60 படம் போட்டு முழு நீளத்தையும் திரையில் அடக்கினால் ஒவ்வொரு படமும் விரல் நகம் அகலத்துக்குச் சுருங்கிவிடும். எது மாமா, எது சித்தப்பா என்று தெரியாது. ஆகவே வரிசைப்படுத்தும் வேலையை டைம்லைனில் செய்யவே கூடாது. பிளேலிஸ்ட் பேனலில் ஐகான் பார்வைக்கு மாறி, அங்கே வரிசையை முடித்துவிட்டுத்தான் கீழே இறக்க வேண்டும். பெயர்ப்படியும் தேதிப்படியும் அடுக்கும் வசதி அங்கே உண்டு. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி அழிந்திருக்கும். பெயரில் இருப்பது அனுப்பிய தேதி. குழந்தைப் பருவப் படமும் போன வாரப் படமும் ஒரே நாளில் வந்ததாகத்தான் காட்டும். அடுக்குவதற்கு முன் கோப்புகளுக்கு 001, 002 என்று பெயர் மாற்றிவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

இறக்கிய பிறகும் ஒரு படத்தை இடம் மாற்ற நேர்ந்தால் மவுஸால் இழுக்காதீர்கள். பழைய இடத்தில் ஓட்டை விழும், அல்லது பக்கத்துப் படத்தின் மேல் ஏறி அழித்துவிடும். படத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-சி, பிறகு எக்ஸ் (இடைவெளி விடாமல் நீக்கும்), ஆல்ட்-அம்புக்குறியால் வேண்டிய வெட்டுக்கு (இரண்டு படம் சேரும் இடம்) போய் கண்ட்ரோல்-வி. நாலு தட்டல், இரண்டு நொடி வேலை.

இனி பார்வையைச் சரிசெய்வது. சமக்குறி விசை தட்டினால் டைம்லைன் விரியும், கழித்தல் குறி தட்டினால் சுருங்கும், 0 தட்டினால் முழு வேலையும் திரைக்குள் அடங்கும். இந்த மூன்றும் விரல் நுனியில் இருந்தால் கருவிப்பட்டையில் உள்ள ஜூம் ஸ்லைடரைத் தேட வேண்டியதில்லை. நல்ல பழக்கம்: 0 தட்டி முழுதும் பார், திருத்த வேண்டிய இடத்தில் பிளேஹெட்டை (இப்போது நிற்கும் இடத்தைக் காட்டும் செங்குத்துக் கோடு) வை, சமக்குறியை நாலைந்து முறை தட்டு. டைம்லைன் மெனுவில், ஜூம் செய்யும்போது பிளேஹெட் இருக்கும் இடத்துக்கே பார்வையைக் கொண்டுபோகும் தேர்வு ஒன்று உண்டு. அதில் டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் விரித்தவுடன் பார்வை வேறெங்கோ நிற்கும், பிளேஹெட்டைத் தேடி அலைய வேண்டும். விசை வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் முக்கால்வாசிப் பேர், நேரம் எழுதும் கட்டத்துக்குள் கர்சரை விட்டிருப்பார்கள். டைம்லைனில் வெற்றிடத்தில் ஒருமுறை சொடுக்கிவிட்டுத் தட்டினால் சரியாகும்.

படம், எழுத்து, பாட்டு என்று டைம்லைனில் தனித்தனியாக ஓடும் வரிசைதான் டிராக். அதன் உயரம் தனி. கண்ட்ரோல்-சமக்குறி உயர்த்தும், கண்ட்ரோல்-கழித்தல் குறைக்கும், கண்ட்ரோல்-0 பழைய நிலைக்குக் கொண்டுவரும். 14, 15 அங்குல லேப்டாப்பில் உயரத்தைக் கூட்டினால் மூன்றாவது டிராக் திரைக்கு வெளியே போய்விடும். ஸ்லைடுஷோவுக்கு மூன்று டிராக் போதும்: படத்துக்கு வி1, பெயர் எழுத்துக்கு வி2, பாட்டுக்கு ஏ1. பாட்டின் அலைவடிவத்தை (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோடு) பார்க்கும்போது மட்டும் உயர்த்தி, மற்ற நேரம் தாழ்த்தி வைப்பதே உத்தமம். சிறுபடங்களையும் அலைவடிவத்தையும் காட்டுவது, மறைப்பது அதே மெனுவில் இருக்கிறது. பழைய மெஷினில் டைம்லைன் தள்ளும்போது திக்கினால், முதலில் அணைக்க வேண்டியது சிறுபடத்தைத்தான்.

ரிப்பிள் விஷயத்தில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். ரிப்பிள் அணைந்திருக்கும்போது ஒரு படத்தின் நுனியை இழுத்துச் சுருக்கினால் அங்கே கறுப்பு இடைவெளி விழும். ரிப்பிள் எரிந்தால் பின்னால் உள்ளவை நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். இதுவரை சரி. "எல்லா டிராக்கும் ரிப்பிள்" என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது. அதை எரியவிட்டால் வி2-ல் இருக்கும் பெயர் எழுத்துகளும் படத்தோடு சேர்ந்து நகரும். மணமக்கள் பெயர் அந்தப் படத்தின் மேலேயே நிற்கும். அது வேண்டும். ஆனால் ஏ1-ல் இரண்டாவது பாட்டு இருந்தால் அதுவும் நகர்ந்து முதல் பாட்டோடு இடிக்கும். அது வேண்டாம். வழி எளிது: பாட்டை வைத்து முடித்தவுடன் ஏ1 தலைப்பில் உள்ள பூட்டை அழுத்துங்கள். பூட்டிய டிராக் எதற்கும் அசையாது. பிறகு தைரியமாக எல்லா டிராக் ரிப்பிளையும் எரியவிடலாம். நுனியோடு நுனியைத் தானாக ஒட்டவைக்கும், காந்தப் படம் போட்ட ஸ்நாப் பொத்தான் எப்போதும் எரியட்டும். ஒரு ஃபிரேம் (வீடியோவின் ஒற்றைப் படம்) அளவு கறுப்பு நடுவில் மின்னுவது பெரும்பாலும் ஸ்நாப் இல்லாமல் கையால் ஒட்டவைத்ததன் பலன். கணினித் திரையில் கண்ணுக்குத் தப்பும் அந்த மின்னல், மண்டபத்து எல்இடி சுவரில் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது கணக்கு. புரோஷோவில் ஸ்லைடு நேரம் தனி, டிரான்சிஷன் (ஒரு படம் அடுத்த படமாக மாறுவது) நேரம் தனி. 3 நொடியும் 3 நொடியும் சேர்ந்து ஸ்லைடுக்கு 6 நொடி. ஷாட்கட்டில் ஒரே டிராக்கில் ஒரு படத்தின் நுனியை மட்டும் அடுத்ததன் மேல் ஏற்றினால்தான் டிரான்சிஷன் உருவாகும். அதாவது டிரான்சிஷன் நேரத்தைக் கூட்டாது, தின்னும். 100 படம், தலைக்கு 5 நொடி, 1 நொடி டிரான்சிஷன் என்றால் 500 நொடி வராது. இடையில் 99 டிரான்சிஷன் தின்றது போக 401 நொடி, அதாவது 6 நிமிடம் 41 நொடிதான். புரோஷோ பழக்கத்தில் கணக்குப் போட்டவர்களுக்குப் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், படம் தீர்ந்திருக்கும்.

தலைகீழாகப் போட்டால் இப்படி: பாட்டின் நீளத்தோடு டிரான்சிஷன்களின் மொத்த நேரத்தைக் கூட்டி, படங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 4 நிமிடம் 30 நொடிப் பாட்டு, 60 படம், 1 நொடி டிரான்சிஷன்: 270 கூட்டல் 59, வகுத்தல் 60. சுமார் 5.48 நொடி. நொடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் 137 ஃபிரேம், டைம்கோடில் 5 நொடி 12 ஃபிரேம். கடைசியில் 5 ஃபிரேம்தான் குறையும். கடைசிப் படத்தை இழுத்து நிரப்பிவிடலாம்.

படத்துக்கு ஷாட்கட் தானாகக் கொடுப்பது 4 நொடி. ப்ராப்பர்ட்டீஸில் கால அளவை மாற்றி, அருகில் உள்ள இயல்பாக வை பொத்தானை அழுத்தினால் அதன்பிறகு திறக்கும் படங்களுக்கு அதே நேரம் வரும். முன்பே உள்ளே வந்தவை மாறாது. எனவே இதைப் படங்களைச் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டும். அதைவிடச் சுலபம், பிளேலிஸ்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மெனுவில் ஸ்லைடுஷோவில் சேர் என்பதைக் கொடுப்பது. படத்தின் நேரம், டிரான்சிஷன் நேரம், வகை, ஜூம் சதவீதம் எல்லாம் ஒரே பெட்டியில் கேட்கும். போன் செங்குத்துப் படங்களுக்கு ஓரம் வெட்டும் தேர்வைக் கொடுத்தால் தலை போய்விடும். கறுப்பு ஓரம் விடும் தேர்வே பாதுகாப்பு. டிரான்சிஷன் வகையில் ரேண்டம் என்று விட்டுவிடாதீர்கள். நினைவஞ்சலிப் படத்துக்குக் கதவு திறப்பது போல ஒரு வைப் விழுந்தால் வீட்டார் முகம் சுளிப்பார்கள்.

தாளத்துக்கு வெட்டும் வேலையில் இந்த டைம்லைன் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பாட்டை ஓடவிட்டு, அடி விழும் இடத்தில் எம் தட்டிக்கொண்டே போனால் அடையாளங்கள் விழும். கானா, செட்டு மேளம் என்றால் அலைவடிவத்திலேயே அடி கூர்கூராகத் தெரியும். மெலடியில் கண்ணை நம்ப முடியாது, காதை நம்பித்தான் தட்ட வேண்டும். நிமிடத்துக்கு 100 அடி ஓடும் பாட்டில் ஒரு அடிக்கு 15 ஃபிரேம், எட்டடிக்கு 120 ஃபிரேம், 4.8 நொடி. படங்களை டிரான்சிஷன் 0 என்று வைத்து, தேவையைவிட ஒரு நொடி கூடுதலாக இறக்குங்கள். பிறகு அடுத்த அடையாளத்துக்குத் தாவி (பெரிது குறி விசை), ஷிஃப்ட்-ஓ. பிளேஹெட் நிற்கும் இடத்தில் படம் வெட்டுப்பட்டு, அடுத்தது ஒட்டிக்கொள்ளும். மறுபடி தாவு, மறுபடி வெட்டு. கைபழகினால் 60 படம் ஐந்தாறு நிமிடம். இதற்கு வி1 ரிப்பிள் மட்டும் போதும். அடையாளங்களையும் சேர்த்து நகர்த்தும் தேர்வு எரிந்தால் தாளம் முழுதும் குலைந்துபோகும், அதை அணைத்து வையுங்கள். டிரான்சிஷன் போட்டுவிட்டுத் தாளத்துக்கு வெட்ட முயன்றால் வேலைக்கு ஆகாது. வெட்டு முதலில், டிரான்சிஷன் பிறகு.

வேகம்? கேமராவின் 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000. அதை அப்படியே 60 எண்ணிக்கை இறக்கினால் 8 ஜிபி ராம் உள்ள மெஷின் மூச்சு வாங்கும். 1920 அகல வீடியோவுக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஜூம் இருந்தாலும் நீளப் பக்கம் 2880 போதும். மொத்தமாகச் சுருக்கிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். செட்டிங்ஸில் பிரிவியூ ஸ்கேலிங்கை 540-க்கு இறக்கினால் எடிட் செய்யும்போது மட்டும் தரம் குறையும், அவுட்புட் பாதிக்காது.

வீடியோவின் அளவையும் ஃபிரேம் வேகத்தையும் குறிக்கும் வீடியோ மோடை ஆட்டோமேட்டிக் என்று விட்டால், முதலில் இறங்கும் கோப்பைப் பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். போனில் எடுத்த ஒரு செங்குத்து கிளிப் முதலில் விழுந்தால் மொத்த வேலையும் செங்குத்து. 1080, 25 ஃபிரேம் என்று தொடக்கத்திலேயே கையால் வையுங்கள். பாதியில் மாற்றினால் மேலே போட்ட ஃபிரேம் கணக்கெல்லாம் வீண். 12-க்கு 8 அடி எல்இடி சுவர் 3:2 விகிதம், 16:9 அல்ல. இழுத்து நிரப்புவாரா, மேலும் கீழும் கறுப்பு விடுவாரா என்று ஆபரேட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால் மணமகள் முகம் நீளாமல் தப்பும்.

கேடென்லைவ் என்ற இன்னொரு இலவச எடிட்டர் இதற்குப் போட்டி. அதில் ஸ்பேசர் கருவி இருப்பதால் எல்லா டிராக்கையும் ஒரே பிடியில் தள்ளலாம், அது ஷாட்கட்டைவிட ஒரு படி மேல். ஆனால் பட்டன்கள் அதிகம். கடைக்குப் புதிதாக வந்த பையனுக்கு ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொடுக்க ஷாட்கட்தான் தோது. புரோஷோவின் ரெடிமேட் ஸ்டைல் பேக்கை இழுத்துப் போட்டு ஐந்து நிமிடத்தில் அவுட்புட் எடுத்துப் பழகியவர்களுக்கு மட்டும் இரண்டுமே ஏமாற்றம்.

கடைசியாகப் பென் டிரைவ் சமாச்சாரம். ஷாட்கட் சேமிக்கும் ப்ராஜெக்ட் கோப்பில் படங்கள் இருக்காது, அவை இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும். வாடிக்கையாளரின் பென் டிரைவிலிருந்து நேராக இழுத்துப் போட்டு, டிரைவை அவரிடம் கொடுத்துவிட்டால் மறுநாள் திறக்கும்போது கோப்புகளைக் காணோம் என்ற பட்டியல்தான் வரும். ஒரு ஜாபுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் படம், பாட்டு, ப்ராஜெக்ட் மூன்றும். அவுட்புட்டைக் கொடுக்கும் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆனது என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது. ஐந்து நிமிட எம்பி4 அந்த எல்லைக்கு எங்கேயோ கீழேதான் நிற்கும், மூன்று மணி நேர முழுக் கல்யாண வீடியோவையும் அதிலேயே கேட்டால் டிரைவை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கும். மண்டபத்து டிவி அதைப் படிக்குமா என்று ஒருமுறை சொருகிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.