உள்ளே வைரம், வெளியே விரிசல்: 1/35 பான்சர்ஹவுபிட்சே 2000 கிட்

பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரி வண்டி இது. பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் தேடியது பீரங்கிக் குழலைத்தான். பான்சர்ஹவுபிட்சே 2000 என்ற ஜெர்மானியப் பீரங்கி வண்டிக்கு அழகே அந்தக் குழல். வாய் 155 மில்லிமீட்டர், நீளம் அதைப்போல் 52 மடங்கு. எட்டு மீட்டரைச் சற்றே தாண்டும். முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 23 சென்டிமீட்டர். அலமாரியில் வைத்த பிறகு பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்கும் இடமும் அதுவே. அதைப் போய் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, வாழைப்பட்டை போல இரண்டு பாதிகளாகக் கொடுத்திருக்கிறார்கள்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அடுத்த வார்ப்பில் திருத்தியும் இருக்கலாம். என் மேசைக்கு வந்த பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இத்தனைக்கும் திறமைக்குக் குறைவில்லாதவர்கள். குழலின் பின்பகுதி, குண்டு செலுத்தும் கதவு, உள்ளிருக்கும் வீரர்களின் இருக்கைகள் எல்லாவற்றையும் நகக்கண் அளவுப் பாகங்களாக வார்த்திருக்கிறார்கள். போல்ட் தலைகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. மூன்று மாலைகள் அதிலேயே போயின. நான்காம் நாள் சுழல் கோபுரத்தின் மேல்தகட்டை ஒட்டினேன். அவ்வளவுதான், அத்தனையும் இருட்டுக்குள் போயிற்று. டார்ச் அடித்துப் பார்த்தாலும் பாதிதான் தெரிகிறது. யாரும் பார்க்காத இடத்தில் இழைத்துவிட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் கை கழுவியிருக்கிறார்கள். இந்த கிட்டின் மீது எனக்குள்ள வழக்கு இது ஒன்றுதான்.

அடிப்பாகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்துக்கு ஏழு சக்கரங்கள், அவற்றின் தாங்கு கைகள், முன்பக்கப் பற்சக்கரம் எல்லாம் தட்டினால் உட்காரும் அளவுக்குப் பொருந்துகின்றன. சங்கிலிப் பட்டையைக் கண்ணி கண்ணியாகக் கோர்க்க வேண்டும். கோர்ப்பதற்கு ஒரு சிறிய அச்சுத் தட்டும் உடன் வருகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு வட்டத் தழும்புகள் இருந்தன. வார்ப்பிலிருந்து பாகத்தைத் தள்ளும் ஊசியின் அடையாளம். மேல்வரிசையைப் பக்கவாட்டுத் தகடு மறைத்துவிடும் என்பதால் வெளியே தெரியும் கண்ணிகளை மட்டும் சுரண்டினேன். எல்லாவற்றையும் சுரண்டுபவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வண்டியை முடித்து நான் பார்த்ததில்லை.

குழலுக்கு வருகிறேன். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும், நீர்போல் ஓடும் மெல்லிய சிமெண்டை இணைப்பின் மேல் தொட்டு, இரு பாதிகளையும் அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மயிரிழை போல மேலே பிதுங்கும். பிதுங்க வேண்டும், அதுதான் விரிசலை நிரப்பும். ஒரு நாள் முழுக்கக் காய விட்டேன். பிறகு அரம், அதன்பின் 400, 800, 1200 எண் உப்புத்தாள்கள். தாளை விரலால் அழுத்தித் தேய்த்ததுதான் நான் செய்த தவறு. இணைப்பு மறைந்தது, கூடவே உருண்டையும் மறைந்தது. வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் தட்டை. தாளை நீளப் பட்டையாகக் கிழித்து, குழலில் ஒரு சுற்றுச் சுற்றி, மத்துக் கயிறு இழுப்பதுபோல மாறி மாறி இழுக்க வேண்டும். அந்தப் புத்தி எனக்கு வர இரண்டு முறை பட்டி பார்க்க வேண்டியிருந்தது.

அப்படியும் நுனி என்னை வென்றுவிட்டது. குண்டு வெளியேறும்போது வரும் அதிர்வைக் குறைக்கக் குழல் முனையில் வரிசையாகத் துளைகள் கொண்ட ஓர் உறை இருக்கிறதே, அதுவும் இரு பாதிகள்தான். இணைப்புக்கோடு துளைகளுக்கு நடுவே ஓடுகிறது. உப்புத்தாள் நுழையாது, நுழைத்தால் துளைகளின் விளிம்பு மழுங்கும். கடைசியில் தனியாக விற்கும் கடைசல் அலுமினியக் குழலை வாங்கினேன். அழகென்றால் அழகு. ஆனால் கனம். குழலை ஏற்றி இறக்கும் மூட்டு பிளாஸ்டிக்குக்காகச் செய்யப்பட்டது. உலோகத்தைப் பொருத்தியதும் வண்டி தூங்கி வழிபவரைப் போலத் தலையைத் தொங்கப் போட்டது.

பித்தளைத் தகட்டுப் பாகங்கள் கொஞ்சம்தான். இடுக்கியிலிருந்து தெறித்த ஒரு கொக்கி இன்னும் இந்த அறையில் எங்கோ இருக்கிறது.

எங்கே எந்த வண்ணம் என்று சொல்லும் தாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜெர்மன் ராணுவம் 1984 முதல் பூசும் மூவண்ண உருமறைப்பு இது: வெண்கலப் பச்சை, தோல் பழுப்பு, தார்க் கருப்பு. ரால் என்ற நிற அட்டவணையில் இவற்றின் எண்கள் முறையே 6031, 8027, 9021. தாள் எண்களைச் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் அந்தக் கருப்பை அப்படியே அடித்தால் இத்தனை சிறிய வண்டியில் ஓட்டை விழுந்தது போல இருக்கும். உண்மை வண்டியைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போது நடுவே காற்றும் தூசும் நிறத்தை வெளிறச் செய்கின்றன. மேசைமேல் அந்தத் தொலைவு கிடையாது, நாம்தான் கலக்க வேண்டும். நான் கருப்பில் கால் பங்குக்குச் சாம்பல் சேர்த்தேன். பச்சையை வண்டி முழுக்க அடித்துக் காயவிட்டு, ஒட்டும் களிமண்ணைப் புழுப்போல உருட்டித் திட்டுகளின் ஓரங்களில் வைத்து, மற்ற இரண்டையும் அடித்தேன். அக்ரிலிக்கும் தின்னரும் சரிபாதி, காற்றால் வண்ணத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷில் 15 பிஎஸ்ஐ அழுத்தம். களிமண்ணை எடுத்தபோது ஓரம் கத்திவெட்டாகவும் இல்லை, புகையாகவும் இல்லை.

ஒட்டுப்படங்கள் மெல்லியவை, நல்லவை. ஜெர்மன் ராணுவச் சின்னமான இரும்புச் சிலுவையை மட்டும் பளபளப்பு வார்னிஷ் பூசாமல் அவசரத்தில் ஒட்டினேன். மங்கலான பரப்பின் பள்ளங்களில் காற்று சிக்கி, படலம் வெள்ளி போல மின்னியது. ஊசியால் நுண்துளைகள் குத்தி, மென்மையாக்கும் திரவத்தை மூன்று முறை தொட்டு வைத்த பிறகு அடங்கியது. பழி என்னுடையது, கிட்டுடையதல்ல.

துருவும் சேறும் அள்ளிப் பூசவில்லை. அமைதிக்காலப் படையில் ஐந்து பேர் சேர்ந்து கழுவித் துடைக்கும் வண்டி இது. இடுக்குகளில் அடர்பழுப்பு வாஷ் என்ற நீர்த்த வண்ணம், சங்கிலியில் கொஞ்சம் தூசு நிறம், ஏறி இறங்கும் இடங்களில் பஞ்சால் ஒற்றிய சில கீறல்கள், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் கிட்டாக இதை வாங்காதீர்கள். நாலைந்து வண்டிகள் முடித்தவர் என்றால் தாராளமாக வாங்கலாம், உலோகக் குழலையும் சேர்த்தே. செய்முறைத் தாளிலும் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள்: பயணத்தின்போது குழலைப் பிடித்துக்கொள்ளும் முன்பக்கக் கவ்வியைத் தொடக்கத்திலேயே ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டினால் மீதி வேலையில் கை பட்டு ஒடியும். நான் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று. அந்தக் கவ்வியை நிமிர்த்தி, தொங்கிய குழலை அதில் கிடத்திப் பூட்டிவிட்டேன். இப்போது என் வண்டி நெடும்பயணம் கிளம்பும் கோலத்தில் நிற்கிறது. மூட்டு தளர்ந்த கதையை யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இங்கே எழுதும்வரை.