பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள்: புனைகதை எழுதுவோர் நோக்கில் ஒரு மதிப்புரை

நாட்டார் தெய்வங்களை வைத்துக் கதை எழுத விரும்புவோர் பெரும்பாலும் ஆய்வு நூல்களிலிருந்தே தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அந்நூல்கள் தரும் கதைச்சுருக்கங்களில் தெய்வம் இருக்கிறதே தவிர, தெய்வமாவதற்கு முன் பசித்துக் கிடந்த பெண் இருப்பதில்லை. அவளைத் தேடித்தான் முகப்பில் ‘பெரிய எழுத்து’ என்று அச்சிட்ட கதைப் புத்தகங்களில் மூன்றை மதுரையில் வாங்கினேன்: நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, காத்தவராயன் கதை. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய கடைகளுள் ஒன்றில் இவை கிடைத்தன.

தாள் மட்டமானது, மையும் சில பக்கங்களில் மங்கியிருக்கிறது. எழுத்து மட்டும் பெயருக்கேற்பப் பெரியது. ஒருவர் விளக்கொளியில் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட காலத்தின் அச்சு முறை இது. கண்ணால் மட்டும் படித்தபோது, ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வருவது எனக்குச் சலிப்பைத் தந்தது. வாய்விட்டுப் படித்த பிறகே, அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவரப் பாடுபவர் எடுத்துக்கொள்ளும் மூச்சு அது என்பது விளங்கியது.

மூன்றில் நல்லதங்காள் கதையையே முதலில் வாங்கச் சொல்வேன். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வருபவளை, அண்ணி மூளி அலங்காரி வாசலிலேயே அவமதிக்கிறாள். அதன் பிறகு அவளுக்கு எஞ்சியிருப்பது பாழுங்கிணறுதான். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கிணற்றில் தள்ளும் பகுதியில் பாடல் அவசரப்படுவதே இல்லை. மூத்தவன் தப்பி ஓடுவதையும் தாய் அவனைப் பிடித்துவருவதையும் நான் எழுதியிருந்தால், அவள் மனத்துக்குள் புகுந்து ஒரு பக்கமாவது விளக்கம் சொல்லியிருப்பேன். பாடல் எந்த விளக்கமும் சொல்லாமல் பிள்ளையின் கெஞ்சலையும் தாயின் செயலையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்கிறது. வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள அர்ச்சுனாபுரத்தில் இன்றும் அவளுக்குக் கோயில் இருக்கிறது. இரக்கமும் அச்சமும் சேர்ந்து அவளைக் கும்பிடவைத்தது எப்படி என்பதை, ஆய்வுரைகளை விட இந்தப் பக்கங்களே எனக்குத் தெளிவாகக் காட்டின.

அல்லி அரசாணி மாலை புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிறது. அவர் பாடிய நளவெண்பாவின் நடையை அறிந்தவர்கள் இரண்டு பக்கத்திலேயே ஐயுறுவார்கள். வியாச பாரதத்தில் இல்லாத அல்லி, இங்கே பெண்களையே படையாகவும் பரிவாரமாகவும் கொண்டு மதுரையை ஆள்கிறாள். அவளை அடைய அருச்சுனன் பாம்பு வடிவெடுத்துப் படுக்கையறைக்குள் நுழைகிறான். அதை வீரச் செயலாகவே பாடல் கொண்டாடுவது இன்று படிக்கையில் உறுத்துகிறது. அந்தக் காட்சியை அல்லியின் பக்கம் நின்று எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் வந்தது. காத்தவராயன் கதையில் அவன் காதலி ஆரியமாலாவின் பகுதியும், அவன் கழுவேற்றப்படும் கழுமரக் காட்சியும் வலுவானவை. இடையில் வரும் நீண்ட வருணனைகளைப் புரட்டிக் கடந்துவிடலாம்.

சொற்களைப் பிரிக்காத அடிகளும் அச்சுப் பிழைகளும் பழக்கமில்லாதவர்களைத் தடுமாறவைக்கும். அருஞ்சொற்பொருளோ முன்னுரையோ நான் வாங்கிய பிரதிகளில் இல்லை. வாங்கும் முன் பக்க எண்களைக் கடையிலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது. என் நல்லதங்காள் பிரதியில் ஒரு பாரம் (ஒன்றாக மடித்துத் தைக்கும் பக்கங்களின் தொகுதி) இருமுறை கட்டப்பட்டு, அடுத்த பாரம் விடுபட்டிருந்தது. கிணற்றங்கரைக்குப் போகும் வழி முழுவதும் அந்த விடுபட்ட பக்கங்களில்தான் இருந்தது. தமிழ் மின் நூலகத்தில் பழைய பதிப்பொன்றைத் திறந்து, அந்தப் பகுதியைக் கையால் எழுதி எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.