குருதிப் பரிசோதனையா, ஈரல் இழையப் பரிசோதனையா?

யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள நெடுந்தீவில் வரட்சிக் காலத்தில் மேய்ச்சலின்றி நிற்கும் மட்டக்குதிரையின் கீழிமையை விலக்கிப் பார்க்கையில் வெண்விழி மஞ்சளாகத் தெரிந்தால், அது கிருமித் தொற்றால் ஈரலும் பித்தநாளங்களும் அழற்சியுற்றதன் அடையாளமாகவே இருக்க வேண்டியதில்லை. இரண்டொரு நாள் பட்டினி கிடந்த குதிரைக்கும் கண் மஞ்சளாகும்.

இதைப் பிரித்தறியக் குருதிப் பரிசோதனை உதவுகிறது. கழுத்து நாளத்திலிருந்து எடுக்கும் சிறிதளவு குருதியே போதும். ஜீ.ஜீ.ரி. (GGT) எனும் ஈரல் நொதியத்தின் அளவு குருதியில் மிக உயர்ந்திருந்தால் பித்தநாளங்களைச் சந்தேகிக்கலாம். சிகிச்சை பலிக்கிறதா என்பதையும் அதே அளவைக் கொண்டு தொடர்ந்து கவனிக்கலாம். ஆனால் எந்தக் கிருமி என்பதையோ, ஈரல் எவ்வளவு நாராகி இறுகிவிட்டது என்பதையோ அது காட்டாது.

அவற்றைக் காட்டக்கூடியது இழையப் பரிசோதனையே. ஸ்கான் வழிகாட்ட, விலா எலும்புகளிடையே ஊசி செலுத்தி நூல்போன்ற துண்டை எடுத்து, கிருமி வளர்ப்புக்கும் அனுப்புவார்கள். குருதி உறையும் தன்மையை முன்னரே சோதிக்காமல் இதில் இறங்கக்கூடாது. எனினும் மஞ்சளோடு காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்திருந்தால் இழையத்தை எடுப்பதே சரியென்று உறுதியாக நம்புகிறேன். ஏனெனில் அன்ரிபயோட்டிக் மருந்தைப் பல வாரங்கள் கொடுக்க வேண்டிய இந்நோயில், பொருந்தாத மருந்தோடு அந்த வாரங்கள் கழிந்துபோனால் ஈரல் மீளாமலே போகலாம்.