மெதுவான துடிப்பு: ஈசிஜியில் எந்த முறையில் எண்ணுவது?

300ஐப் பெரிய கட்டங்களால் வகுப்பதா, 1500ஐச் சின்னக் கட்டங்களால் வகுப்பதா, பத்து விநாடித் துடிப்புகளை எண்ணி ஆறால் பெருக்குவதா, இல்லை இயந்திரம் அச்சடித்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதா? ஈசிஜி படிப்பவர்கள் எல்லோருக்கும் இந்த நான்கும் தெரியும். ஆனால் துடிப்பு மெதுவாகும்போது இவற்றின் தராதரம் மாறிவிடுகிறது.

முதலில் தாளின் ஓரத்தைப் பாருங்கள். தாள் ஓடும் வேகம் 25 மி.மீ./விநாடி என்று இருக்க வேண்டும். ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற நாடுகளில் 50 வைத்து எடுப்பது வழக்கம். நம் இயந்திரத்தில் யாராவது அந்தப் பொத்தானைத் தட்டியிருந்தால், 80 துடிக்கும் இதயம் கட்டக் கணக்கில் 40 என்று வரும். கியூஆர்எஸ்ஸும் (கீழ் அறைகளின் துடிப்பைக் காட்டும் கூர்மையான அலைத்தொகுப்பு) அகன்று தெரியும்.

25இல் ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி, ஆக நிமிடத்துக்கு 300 கட்டம். இரண்டு ஆர் அலைகளுக்கு (கியூஆர்எஸ்ஸில் மேலே எழும் முனை) நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று பார்த்து 300ஐ வகுத்தால் போதும். வேகமான துடிப்பில் இது கரடுமுரடான கணக்கு: 2 கட்டம் என்றால் 150, 3 என்றால் 100. ஒரு கட்டம் பிசகினால் 50 போய்விடும். மெதுவான துடிப்பில் அந்தத் தொல்லை இல்லை. 6 கட்டம் 50, 7 கட்டம் 43, 8 கட்டம் 37 அல்லது 38. பிசகினாலும் சேதம் குறைவு. அதனால் 1500ஐச் சின்னக் கட்டங்களால் வகுக்கும் முறையை இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்பது சின்னக் கட்டங்களைக் கண் வலிக்க எண்ணிக் கண்டுபிடிக்கும் 37.5, சிகிச்சையில் எதையும் மாற்றப் போவதில்லை.

ஆனால் 300 முறை சீரான துடிப்புக்கு மட்டும்தான். மெதுவான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (மேல் அறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலை) ஒரு இடைவெளி 4 கட்டம், அடுத்தது 8 கட்டம் என்று வரும், எதை எடுப்பது? அங்கே பத்து விநாடிதான் சரி. தாளின் கீழே ஓடும் நீளமான பதிவான ரிதம் ஸ்ட்ரிப் 50 பெரிய கட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கியூஆர்எஸ்களை எண்ணி ஆறால் பெருக்குங்கள். ஏழு இருந்தால் 42. ஆறு விநாடியை எண்ணிப் பத்தால் பெருக்குவதும் உண்டு. அதில் ஓரத்தில் நிற்கும் ஒரே ஒரு துடிப்பு 40ஐ 50 ஆக்கிவிடும். பத்து விநாடி கையில் இருக்கும்போது அது வேண்டாம்.

இயந்திரத்தின் எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தப்பும் இடம்தான் ஆபத்தானது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால், கியூஆர்எஸ்ஸை அடுத்து வரும் டி அலை கூர்மையாக உயர்ந்து நிற்கும். அதையும் கியூஆர்எஸ் என்று எண்ணி 40ஐ 80 என்று அச்சடிக்கலாம். அதே பொட்டாசியம்தான் இதயத்தை மெதுவாக்கியும் இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இதற்கு நேரெதிர். ஒன்றுவிட்டு ஒன்று, கீழ் அறையான வென்ட்ரிக்கிளிலிருந்து முந்தி வரும் துடிப்பாக இருந்தால், அது விரல்வரை எட்டாமல் போகலாம். ஈசிஜியில் 72, விரலில் 36.

அப்புறம், இந்த நான்கில் எதை எடுத்தாலும் மேல் அறைகளின் துடிப்பைக் காட்டும் பி அலைகளையும் தனியாக எண்ணியாக வேண்டும். ஆர் அலைகளுக்கு நடுவே 8 கட்டம், பி அலைகளுக்கு நடுவே 4 கட்டம் என்றால் மேல் அறைகள் 75 அடிக்கின்றன, கீழே 37தான் வருகிறது. ஒரு வெள்ளைத் தாளின் விளிம்பில் அடுத்தடுத்த இரண்டு பி அலைகளைப் புள்ளியிட்டு, அந்தத் தாளை அப்படியே நகர்த்திப் பாருங்கள். டி அலைக்குள் ஒளிந்திருக்கும் பி ஒரு சின்ன மேடாகப் பிடிபடும். கியூஆர்எஸ்ஸுக்கு முந்தைய பிஆர் இடைவெளி (பி தொடங்கியதிலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும்வரை) மாறாமல் இருந்தால், மேலிருந்து வரும் இரண்டில் ஒன்றை மட்டும் கீழே கடத்தும் பிளாக். பி தன்பாட்டுக்கும், சீரான கியூஆர்எஸ் தன்பாட்டுக்கும் போய் பிஆர் மாறிக்கொண்டே இருந்தால் முழு ஹார்ட் பிளாக், அதாவது மேலிருந்து எதுவும் கீழே கடத்தப்படவில்லை. அதில் கியூஆர்எஸ் அகன்று, வேகமும் 30ஐ ஒட்டி இருந்தால், துடிப்பை வேகப்படுத்தும் மருந்தான அட்ரோபின் பெரும்பாலும் கைகொடுக்காது. பேஸிங்குக்கு (மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்க வைப்பது) உடனே ஆளை அழையுங்கள்.